உள்ளுக்கு விட்ட துணி

1

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒரு பிரெஞ்சுச் சோடி எங்கள் வளவுக்கு வந்தது. இரண்டு பேருக்கும் முப்பது வயதுகூட இராது. வில்லியே லே பெல்லில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் பின்பக்கம், செர்ரி மரத்தடியில் நிற்கும் கரவானைப் பார்க்க வந்தார்கள். கரவான் என்றால் காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு போகிற சின்ன வீடு. இரண்டு பேர் படுக்கலாம், தேநீர் வைக்கலாம், உயரமானவர்கள் நிமிர முடியாது. இது தகரமோ மரமோ அல்ல. நம் ஊர்க் கடற்கரைகளில் படகு செய்கிறார்களே, அதே பைபர். முட்டையைப் படுக்க வைத்த மாதிரி உருவம். வயது என்னிலும் பார்க்க இரண்டு மூன்று குறைவாக இருக்கலாம்.

வீட்டுக்கார மதாம் போன வருடம் செத்துப்போனார். பிள்ளைகள் வீட்டை விற்கிறார்கள். வளவைத் துப்புரவாக்கித் தரும்படி பதிவுத்தபாலில் கடிதம் வந்தது, பிறகு அதை நினைவூட்டி ஒரு கடிதம், அதற்குப் பிறகு முதற் கடிதம் கிடைத்ததா என்று கேட்டு இன்னொன்று. எனக்கு எபினே-சூர்-செய்னில் மூன்றாம் மாடியில் ஒரு சின்ன வீடு கிடைத்திருக்கிறது. மூன்றாம் மாடிக்குக் கரவானை ஏற்ற ஏலாது. அதனால் என் மகள் ஆரணி இணையத்தில் விளம்பரம் போட்டாள். பழைய சாமானுக்கு இங்கே இப்போது பெரிய மவுசு. இரண்டு நாளில் ஆள் வந்துவிட்டது.

பெண்பிள்ளை கையைத் தட்டிச் சிரித்தாள். பொடியன் கெட்டிக்காரன், சக்கரத்தை உதைத்துப் பார்த்தான், குனிந்து அடியைப் பார்த்தான். பிறகு உள்ளே போய்க் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் கையை வைத்துத் தடவினான். அங்கே முழங்கை நீளத்துக்கு ஒரு தடிப்பு இருக்கிறது. தடிப்பின் நடுவில் பிளந்து மூடிய தழும்பு ஒன்றும் உண்டு. "இது என்ன, விபத்தா?" என்று கேட்டான். பதிலுக்குக் காத்திராமல், தன்னிடம் மெசின் இருக்கிறது, அரை மணித்தியாலத்தில் தேய்த்து மட்டமாக்கிவிடலாம் என்று அந்தப் பிள்ளைக்குச் சொன்னான்.

எனக்குக் கோபம் வந்தால் பிரெஞ்சு நன்றாக வரும். விற்பனைக்கு இல்லை, போய்விட்டு வாருங்கள் என்று சொல்லிக் கரவான் கதவைச் சாத்தினேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு போனார்கள்.

"அம்மா, உங்களுக்கு என்ன பிடிச்சது?" என்றாள் ஆரணி. அவளுக்கு இருபத்தாறு வயது, கந்தோரில் வேலை. என்னோடு பேசத் தமிழில் தொடங்கி மூன்றாவது சொல்லில் பிரெஞ்சுக்குத் தாவிவிடுவாள். இனி இதை எங்கே வைக்கப்போகிறாய் என்றும், அந்த மனிதர்களை வேலைமினக்கெடுத்தி வரவழைத்தது யார் என்றும் பிரெஞ்சில் பொரிந்து தள்ளினாள்.

அந்தத் தடிப்பின் கதையில் ஆரணிக்குப் பாதிதான் தெரியும் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். எனக்கும் பாதிதான் தெரியும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு முழுவதையும் சொல்கிறேன்.

2

நான் ரூ காய் என்கிற தெருவில் ஒரு சாரிக்கடையின் மேல்மாடியில் பிளவுஸ் தைக்கிறவள். எங்கள் ஆட்களின் கடைகள் இருக்கிற லா ஷப்பலுக்கு வந்துபோகிற பெண்கள் பாதிப்பேரின் அளவு என் கொப்பியில் இருக்கிறது. அளவெடுக்கிறவளுக்கு மறைக்க முடியாது. யார் பிள்ளைத்தாச்சி என்று அவளுடைய மாமிக்கு முதலே எனக்குத் தெரியும். யாருக்கு வீட்டில் அடி விழுகிறது என்பதும் தெரியும். மேற்கையில் நான்கு விரலும் ஒரு பெருவிரலும் நீலமாகப் பதிந்திருக்கும். அவர்கள் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, "இந்தமுறை முழங்கை வரைக்கும் கை வையுங்கோ அக்கா, இப்ப அதுதானே பாஷன்" என்பார்கள். ஓம், அதுதான் பாஷன் என்று நானும் சொல்வேன். எனக்கு நான் தைத்த பிளவுஸ்களுக்கும் முழங்கைக்குக் கீழே இறங்கிய கைதான்.

என் கணவர் ஒரு உணவகத்தின் குசினியில் வேலை செய்தார். குமாரண்ணை என்றால் ரூ காயில் எல்லோருக்கும் பிடிக்கும். தேர்த் திருவிழாவில் வடம் பிடிக்க முன்னுக்கு நிற்பார். செத்த வீடென்றால் முதல் ஆளாகப் போய்ச் சாமான் சக்கட்டு ஒழுங்குபண்ணுவார். வீட்டுக்கு வந்தால் அடிப்பார். கலியாணம் முடித்து மூன்றாம் மாதம் தொடங்கியது. கறியில் உப்புக் கூடினதற்கு, ரயில் பிந்தி நான் வீட்டுக்குப் பிந்தினதற்கு, யாரோ சொன்ன ஏதோ ஒன்றைக் கேட்டு நான் சிரித்ததற்கு. பிறகு காரணம் தேடுவது அவருக்கே அலுத்துப்போய்விட்டது. ஒரு தரம் பின்பல் ஒன்று கழன்று தண்ணீர்த்தொட்டிக்குள் விழுந்தது. அதை எடுத்துக் கடுதாசியில் சுற்றி வைத்துக்கொண்டு பிள்ளைக்குச் சாப்பாடு தீத்தினேன்.

2009 வந்தது. அந்த வருடத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எல்லோரையும் போல அவரும் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து அழுதார், ஊர்வலங்களுக்குப் போய்த் தொண்டை கட்டக் கத்தினார், வீட்டுக்கு வந்து அடித்தார். என் தங்கச்சி செல்வி புருசனோடும் இரண்டு பிள்ளைகளோடும் வன்னிக்குள் அகப்பட்டிருந்தாள். மே மாதம் ஒரு நாள், முகாமுக்கு வந்து சேர்ந்த ஒருவர் ரெலிபோனில் சொன்னார். அவர்கள் இருந்த பதுங்குகுழிக்கு மேலேயே ஷெல் விழுந்ததாம். நாலு பேரும் அதற்குள்ளேயாம். தோண்டி எடுக்க நேரமில்லை, மண்ணைத் தள்ளி மூடிவிட்டு நாங்கள் நடந்தோம் அக்கா என்றார். அன்றைக்கு நான் சோறு வைக்கவில்லை. அதற்கு அடி விழுந்தது. வெறும் சோற்றுப்பானையால் நெற்றியில்.

கடை முதலாளியண்ணை என் நெற்றியில் இருந்த பிளாஸ்டரைப் பார்த்தார்.

"குமார் மனம் உடைஞ்சுபோனான் தங்கச்சி. நாட்டில நடந்ததைப் பாத்து ஆர்தான் நிதானமா இருக்கிறது? கொஞ்சம் பொறுத்துப் போ."

கையில் இருந்த கத்தரிக்கோலை மேசையில் குத்தினேன். அது நட்டுக்கொண்டு நின்றது. "அண்ணை, செத்தது என்ரை தங்கச்சி. நான் ஆருக்கு அடிச்சனான்?" என்று கேட்டேன். அவர் கீழே இறங்கிப் போய்விட்டார்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை காலமை வீட்டில் என் கணவர் இடுப்புப் பட்டியைக் கழற்றினார். ஆரணிக்கு அப்போது பதினொரு வயது. குறுக்கே வந்தாள். பட்டியின் இரும்பு அவளுடைய காதைக் கிழித்தது. அவளை இழுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். வளவின் அந்தத்தில் முட்பற்றைக்குள் கரவான் கிடந்தது. வீட்டுக்கார மதாமின் புருசன் வாங்கியதாம், அவர் செத்த பிறகு யாரும் தொட்டதில்லை. பாசி பிடித்துப் பச்சையாக இருந்தது. கொப்பு முறிந்து விழுந்து கதவுக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கோப்பை அளவுக்கு ஓட்டை. பிள்ளையை உள்ளே தள்ளி நானும் ஏறிக் கதவை இழுத்துப் பிடித்தேன். கதவுக்குப் பூட்டும் இல்லை, கொண்டியும் இல்லை.

அவர் கதவோடு மினக்கெடவில்லை. அந்த ஓட்டைக்குள்ளால் கையை விட்டார். என் தலைமயிர் அகப்பட்டது. கையில் ஒரு சுற்றுச் சுற்றி வெளியே இழுத்தார். என் முகம் சுவரோடு போய் அடித்து, முறிந்த பைபரின் விளிம்பு கன்னத்தைக் கீறியது. பிள்ளை என் இடுப்பைப் பிடித்து உள்ளுக்கு இழுத்தாள், அவர் மயிரைப் பிடித்து வெளியே இழுத்தார். வேலைக்கு நேரமாகிவிட்டது என்றபடியால்தான் விட்டார். கையில் கிடந்த மயிரை உதறிவிட்டுப் போனார்.

எனக்கு அழுகை வரவில்லை. இந்த ஓட்டை அடைபட்டிருந்தால், கதவுக்கு உள்ளே ஒரு கொண்டி இருந்திருந்தால் என்றுதான் நினைத்தேன்.

3

ஆனால் முதலில் நேரான வழியில்தான் போனேன். பொலிசுக்குப் போனேன். எனக்கு அப்போது தெரிந்த பிரெஞ்சு ரயிலுக்கும் சந்தைக்கும் துணிக்கடைக்கும் போதும், அதற்கு மேலே போகாது. ஆரணியைக் கூட்டிக்கொண்டு போனேன். நெற்றிக் காயத்தைக் காட்டத்தான் போனேன், சால்வையால் மூடிக்கொண்டும் போனேன். அப்படித்தான் எங்கள் புத்தி.

இரண்டு மணித்தியாலம் இருத்தி வைத்துவிட்டுக் கூப்பிட்டார்கள். இளம் பொலிஸ்காரர். மரியாதையாகத்தான் கதைத்தார். என்ன பிரச்சினை என்று கேட்டார். சீருடை போட்ட ஆம்பிளைக்கு முன்னால், பெற்ற பிள்ளையின் வாயால் அந்தச் சொல்லை எப்படிச் சொல்விப்பது? அதனால் நாங்கள் வழக்கமாகச் சொல்கிற மாதிரிச் சொன்னேன்.

"அப்பா சிலவேளை அம்மாவுக்குக் கை நீட்டுறவர் எண்டு சொல்லு பிள்ளை."

ஆரணி கொஞ்சம் யோசித்தாள். பிறகு ஒரு சின்ன வசனம் சொன்னாள். பொலிஸ்காரர் அவளைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினார். பெண்சாதிக்கு அடிக்கிறான் என்று சொல்ல ஒருவன் சிரிப்பானா? வீட்டில் சண்டை வருமா என்று அடுத்துக் கேட்டார். வரும் என்றோம். ஏதோ தட்டி எழுதினார். கையெழுத்து வாங்கினார். ஒரு பிரதி தந்தார்.

கடுதாசியின் தலைப்பில் 'மேன் கூரோந்த்' என்று இருந்தது. 'மேன்' என்றால் கை என்று எனக்குத் தெரியும். 'கூரோந்த்' என்றால் ஓடுகிறது. ஓடுகிற கை! எவ்வளவு பொருத்தமான பெயர், இந்த நாட்டுச் சட்டத்துக்கு எங்கள் வீட்டைத் தெரிந்திருக்கிறதே என்று நினைத்தேன். அதைப் பிளாஸ்ரிக் உறையில் போட்டு மாவு டப்பாவுக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டு, பொலிஸ் வந்து கதவைத் தட்டும் என்று காத்திருந்தேன். கோடை போய் இலையும் கொட்டியது. ஒருவரும் வரவில்லை. பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரு மதாம்தான் அந்தக் கடுதாசியைப் பார்த்துவிட்டுச் சொன்னார். அது முறைப்பாடு அல்லவாம். பொலிசின் புத்தகத்தில் இன்றைக்கு இன்னார் வந்து இன்னது சொன்னார் என்று எழுதி வைக்கிற குறிப்பாம். அதற்கு யாரும் வரமாட்டார்களாம்.

அன்றைக்கே பின்பக்கம் போய் முட்பற்றையை வெட்டத் தொடங்கினேன்.

4

வீட்டுக்கார மதாமிடம் கேட்டேன். எடுத்துக்கொள், குப்பைக்குத்தான் போக இருந்தது என்றார். என் கணவரிடம், கோடை விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போகலாம் என்று சொன்னேன். அவருக்கு அது பிடித்துக்கொண்டது. "எங்களிட்டையும் கரவான் இருக்கு" என்று மறுநாளே ரூ காய் முழுக்கச் சொல்லிவிட்டார். நான் திருத்துகிற நாட்களில் எட்டிப் பார்த்துப் போவார். அந்த நாட்களில் அடி கொஞ்சம் குறைவு.

ஓட்டை அடைக்க என்ன வாங்குவது என்று கேட்கச் சாமான் கடைக்குப் போனோம். நரைத்த தலை, மூக்குக்கண்ணாடி போட்ட விற்பனையாளர். ஓட்டையைக் கையால் காட்டினேன்.

"தீசு து வேர்" என்றார். தீசு என்றால் துணி. என் தொழிலில் அந்தச் சொல் எனக்குப் பாடம். ஆனால் வேர் என்றால் பச்சை. பச்சைத் துணி எனக்கு எதற்கு?

"நோன், வேர் இல்லை, பிளான்" என்றேன். வெள்ளை, கரவான் வெள்ளை.

"உய், மதாம். பிளான். மே தீசு து வேர்."

"வேர் வேண்டாம் மிஸ்யூ!"

ஆரணிக்கு மானம் போய்விட்டது. "அம்மா, அந்த வேர் இல்லை, மற்ற வேர்!" என்று என் கையைக் கிள்ளினாள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. கடைசியில் அந்த மனிதர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அதன் கண்ணாடியில் நகத்தால் தட்டிக் காட்டினார். கண்ணாடித் துணி! பைபர் என்கிறார்களே, அது இதுதானாம். ஒரு முழம் விரித்துக் கையில் தந்தார். பாவும் ஊடுமாக நெய்த வெள்ளைத் துணி. கொஞ்சம் முரடு, அவ்வளவுதான். துணியென்றால் எனக்குப் பயமில்லை.

ஞாயிறு முழுவதும் அதுதான் வேலை. ஓட்டையைச் சுற்றித் தேய்க்கத் தேய்க்கக் கண்ணாடித் தூள் பறந்து, காஞ்சோண்டி பட்ட மாதிரி உடம்பெல்லாம் கடித்தது. குளித்தாலும் போகாது. கழுத்தில் இரத்தம் வரச் சொறிந்தேன். ரெசின் என்று ஒரு பிசின், அதற்குள் இறுகுவதற்கு மருந்து விட வேண்டும். முதல் நாள் மருந்து கூடிப்போய் வாளி புகைந்து உருகி ஊற்றுண்டது.

பட்டர்ன் வெட்டக் கடதாசி வேண்டுமே. லா ஷப்பல் கடைகளில் இருந்து கொண்டுவந்த தமிழ்ப் பேப்பர் வீட்டில் கட்டுக்கட்டாகக் கிடந்தது. அந்த வருடப் பேப்பரில் எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் பிணம். ஓட்டைக்கு மேல் பேப்பரை அழுத்திக் கோடு கீறிவிட்டு வெட்டினேன். கத்தரி ஒரு தாயையும் மடியில் கிடந்த பிள்ளையையும் தாண்டிப் போனது. செல்வியின் படம் இருக்காது என்று தெரியும், படமெடுக்க அங்கே யார் நின்றார்கள்? என்றாலும் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுத்தான் வெட்டினேன்.

முட்டைச் சுவரில் தட்டைத் துணி சுருங்காமல் இருக்காது. பிளவுசுக்கு மார்பில் துணியைக் கூராக மடித்துப் பிடிக்கிற மாதிரி இரண்டு டாட் பிடித்தேன். அச்சாவாகப் படிந்தது. ஓரத்தில் என் கை தன்பாட்டுக்கு இரண்டு இஞ்சு உள்ளுக்கு விட்டு மடித்தது. அது இருபது வருடப் பழக்கம். எங்கள் பெண்கள் பிளவுஸ் தைக்கத் தந்தால் கடைசியாகச் சொல்லிவிட்டுப் போவது அதைத்தான்: "உள்ளுக்குக் கொஞ்சம் துணி விட்டுத் தையுங்கோ அக்கா." பிள்ளை பெற்று உடம்பு வைத்தால் பிரித்துப் பெருப்பிக்கலாம். பிரெஞ்சுக்காரர் தைத்தால் அதை வெட்டி எறிந்துவிடுவார்கள். நான் மடித்த மடிப்புக்கு மேல் ரெசினைப் பூசி, அதன்மேல் இன்னொரு துணி, அதற்கும் ஒரு மடிப்பு. காய்ந்தபோது ஓரமெல்லாம் கயிறு மாதிரித் தடித்துப்போய் நின்றது.

ஆரணி எடுத்த படத்தைக் கடைக்காரரிடம் காட்டினோம். அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "மதாம், கரவான் உடம்பு வைக்காது!" என்றார். ஓரத்தை மெல்லிசாகத் தேய்த்து மட்டமாக்க வேண்டுமாம். சரி, பிறகு தேய்க்கலாம் என்று விட்டுவிட்டேன். அவசரமாகச் செய்ய வேறு வேலை இருந்தது. கதவுக்கு உள்ளே இரும்புக் கொண்டி பூட்டினேன்.

இன்னொன்றையும் எழுதத்தான் வேண்டும். ஒரு ஞாயிறு நான் ரெசின் பூசிக்கொண்டு நிற்க, ஆரணி வாசலில் இருந்து பிரெஞ்சில் கேட்டாள், நாங்கள் ஏன் இந்த வீட்டை விட்டுப் போகவில்லை என்று. ஏன், ஏன், ஏன் என்று மூன்று தரம் கேட்டாள். கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். கையுறையில் இருந்த பிசின் அவளுடைய கன்னத்தில் ஐந்து விரலாக ஒட்டியது. அவள் அழவில்லை. அவரை நான் எப்படிப் பார்ப்பேனோ அப்படியே என்னைப் பார்த்தாள். எனக்கு என்மேலேயே அருவருப்பு வந்தது. அது முதல் தரமும் அல்ல, கடைசித் தரமும் அல்ல.

5

2010 கோடையில் ஒரு ஞாயிறு, கரவானைக் காட்டவென்று அவர் நாலைந்து சிநேகிதர்களைக் கூட்டிவந்தார். வளவில் கோழி சுட்டார்கள். ஒருவர் கரவானுக்குள் ஏறிப் பார்த்தார். கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டுத் திறந்துவிட்டுத் தலையை நீட்டி, "என்ன குமார், உமக்குப் பயத்தில உள்ளுக்கெல்லோ கொண்டி போட்டிருக்கினம்!" என்றார். பகிடிக்குத்தான் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

அவர்கள் போக நாலு மணி. நல்ல வெய்யில். கடைசிக் கார் திரும்பியதும் நான் கோப்பைகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஆரணியைக் கூட்டிக்கொண்டு கரவானுக்குள் ஏறிக் கொண்டியைப் போட்டேன்.

"திற" என்றார். திறக்கவில்லை. கதவை உதைத்தார். கொண்டி அசையவில்லை. காலடிச் சத்தம் தூரப் போனது. விட்டுவிட்டார் என்று நினைத்தேன். யன்னலால் பார்த்தால், வீட்டுக்கார மதாம் விறகு வைக்கும் கொட்டிலில் இருந்து கோடாலியோடு வருகிறார்.

முதல் கொத்துக் கதவில் விழுந்தது. பழைய பைபர் படீரென்று வெடித்தது, வெளிச்சம் கோடாக உள்ளே வந்தது. "உன்னையும் கொல்லுவன், அவளையும் கொல்லுவன்" என்றார். பிறகு அவருக்கு அந்த ஓட்டை ஞாபகம் வந்திருக்க வேண்டும். போன வருடம் கையை விட்டு என்னை இழுத்த இடம். எங்கே உடைத்தால் கை உள்ளே போகும் என்று அவருக்குத் தெரியும். பக்கத்துக்கு நகர்ந்து, இரண்டு கையாலும் ஓங்கி அந்த இடத்தில் கொத்தினார். கரவான் முழுக்க ஆடியது. சுவர் உள்ளுக்கு வளைந்து திரும்ப நிமிர்ந்தது. இன்னொரு கொத்து. கோடாலியின் மூக்கு ஒரு விரல் அளவுக்கு உள்ளே வந்தது. ஆரணியின் தோளுக்கும் அதற்கும் இடையில் என் உள்ளங்கை போகும்.

அவ்வளவுதான் வந்தது. நான் மடித்த மடிப்பில், துணிக்கு மேல் துணியாகக் கிடந்த தடிப்பில் கோடாலி இறுகிவிட்டது. அவர் இழுத்தார். வரவில்லை. சுவரில் காலை மிதித்துக்கொண்டு இழுத்தார். நாங்கள் தொட்டிலில் கிடந்த மாதிரி முன்னும் பின்னும் ஆடினோம்.

அவரை நான் ஒருநாளும் 'நீ' என்று சொன்னதில்லை. அடி வாங்குகிறபோதுகூட "அடியாதேங்கோ, அடியாதேங்கோ" என்றுதான் கெஞ்சுவேன். இதை எழுதுகிறபோதும் பாருங்கள், 'அவர்' என்றுதான் கை எழுதுகிறது. அன்றைக்கு என் தொண்டைக்குள் இருந்து வேறு யாரோ கத்தினார்கள்.

"டேய்! கொத்தடா! இன்னும் கொத்தடா பாப்பம்!"

எனக்குப் பின்னால் ஆரணி என் கைத்தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். குரல் நடுங்கவில்லை. என் அப்பா என் அம்மாவைக் கொல்லப் போகிறார், கோடாலி வைத்திருக்கிறார், நாங்கள் கரவானுக்குள் இருக்கிறோம் என்று சொன்னாள். தெருவின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னாள். பிரெஞ்சில்தான் சொன்னாள். அவ்வளவும் எனக்கு விளங்கியது.

அவர் செங்கல்லால் யன்னலை உடைத்தார். கண்ணாடி எங்கள் தலையில் கொட்டியது. உடைந்த யன்னலால் வந்த கையில் நான் பல்லால் கடித்தேன். விடவில்லை. வாய்க்குள் இரத்தம் உப்பாக இருந்தது. அந்தக் கையை உதறி எடுத்துக்கொண்டு திரும்பக் கோடாலியிடம் போனார். பொலிஸ் வந்தபோது இரண்டு கையும் பிடியில், ஒரு கால் சுவரில். அன்றைக்கு யாரும் எதையும் மொழிபெயர்க்க வேண்டி இருக்கவில்லை.

6

அவரைக் கொண்டுபோனார்கள். வழக்கு நடந்தது. உள்ளே இருந்துவிட்டு வந்தார். எங்களுக்குக் கிட்ட வரக்கூடாது என்று தீர்ப்பு. இப்போது தெற்கில் எங்கேயோ ஒரு நகரத்தில் இருக்கிறாராம், அங்கும் தேர்த் திருவிழாவில் முன்னுக்குத்தான் நிற்கிறாராம். புருசனைப் பொலிசில் பிடித்துக் கொடுத்தவள் என்று ரூ காயில் என்னைச் சில காலம் கண்டும் காணாமல் போனார்கள். பிறகு ஒவ்வொருத்தியாகப் பிளவுஸ் தைக்க வந்தார்கள். சிலர் அளவு கொடுத்து முடிந்த பிறகும் போகாமல் நிற்பார்கள். நான் கதவைச் சாத்திவிட்டு, என்ன நடந்தது, 'அடிக்கிறார்' என்று வாயைத் திறந்து சொல்லு என்பேன்.

கரவானில் நாங்கள் ஒரு தரமும் கடலுக்குப் போகவில்லை. கோடாலி போன இடத்தை நானே அடைத்தேன். பிறகு அது என் தையல் அறையாக இருந்தது. இந்தப் புதன்கிழமை அது போய்விட்டது. அந்தச் சோடியைத் திரும்பக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டேன். தேய்க்கிறதென்றால் தேய்க்கட்டும். ஞாயிற்றுக்கிழமை நடந்ததுக்குப் பிறகு எனக்கு அது தேவைப்படவில்லை.

அந்த ஞாயிறு அவர்கள் போனதும் ஆரணி கொஞ்சநேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள். பிறகு இரண்டு கோப்பையில் தேநீர் கொண்டுவந்து நான் இருந்த கரவானுக்குள் ஏறி எனக்கு முன்னால் இருந்தாள். அவளுடைய கையை எடுத்து அந்தத் தடிப்பில் வைத்தேன்.

"இது என்ன தெரியுமோ? ரெண்டு இஞ்சு உள்ளுக்கு விட்ட துணி. இது இல்லாட்டி உன்ரை தோள் இல்லை. இதைத் தேய்க்கப் போறானாம்."

அவள் தழும்பைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, இது ஒண்டும் தேவைப்பட்டிராது" என்றாள். "நான் சரியாச் சொல்லியிருந்தா."

"எதை?"

"பொலிசில. நீங்கள் என்னைச் சொல்லச் சொன்னீங்கள், அப்பா கை நீட்டுறவர் எண்டு. அது அடிக்கிறதுக்குச் சொல்லுறது எண்டு எனக்குத் தெரியாது. நான் 'இல் தோன் லா மேன்' எண்டு சொன்னன். கையை நீட்டுறார். பிரெஞ்சில அப்பிடிச் சொன்னா உதவி செய்யிறது அம்மா. விழுந்த ஆளைத் தூக்கிவிடக் கை குடுக்கிறது. அதுதான் அந்தாள் சிரிச்சவர்."

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். பதினைந்து வருடம் அந்தப் பொலிஸ்காரரை நான் திட்டாத திட்டு இல்லை. மனைவிக்கு அடி விழுகிறதென்று கேட்டுச் சிரித்தவன் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! நல்ல அப்பா என்று நினைத்துச் சிரித்திருக்கிறார் மனிதர்.

"எப்ப தெரியும் உனக்கு?"

"பதினாலு வயசில. நீங்கள் ஆரோடையோ ரெலிபோனில கதைக்கேக்கை, 'அவள்ரை மனுசனும் கை நீட்டுறவன்' எண்டு சொன்னீங்கள். அப்பதான் விளங்கினது." அவளுடைய குரல் சின்னப்பிள்ளைக் குரலாகிவிட்டது. "அந்தக் கோடாலி என்னாலதான் வந்தது எண்டு நினைச்சுக்கொண்டே இருந்தனான்."

ஒரு சொல்லை வாய் திறந்து சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது என்பதற்காக, பதினொரு வயதுப் பிள்ளை இவ்வளவு காலமும் அந்தக் கோடாலியைச் சுமந்திருக்கிறாள். இதற்குள் நான் வேறு அவளுக்கு அடித்திருக்கிறேன்.

"பிழை உன்ரையில்லை பிள்ளை. 'அடிக்கிறார்' எண்டு சொல்ல எனக்குத்தான் வாய் வரேல்லை. நீ நான் சொன்னதைத்தான் சொன்னனீ."

அவளைத் தொட வேண்டும் போல இருந்தது. கையை நீட்டினேன்.

அவள் சடாரென்று தலையைப் பின்னுக்கு இழுத்தாள். பின்தலை அந்தத் தடிப்பில் இடித்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். இருபத்தாறு வயது.

கையை நான் திரும்ப எடுக்கவில்லை. உள்ளங்கையை மேலே திருப்பி, எங்கள் இருவருக்கும் நடுவில் அப்படியே வைத்துக்கொண்டு இருந்தேன். தேநீர் ஆறியது. வெளியே யாரோ நாயைக் கூப்பிட்டார்கள். என் தோள் வலித்தது. கண்ணைத் திறந்தவள் முதலில் கையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு தன் கையைக் கொண்டுவந்து அதன்மேல் வைத்தாள்.